மலையேறப் போகிறீர்களா?



அரையாண்டுத் தேர்வு விடுமுறை வந்தால், நண்பர்கள், பெற்றோர், ஆசிரியர் என்று சேர்ந்து ஒரு மலைக்குப் போய் வர ஆசைப்படுவீர்கள். நல்ல ஆசைதான். காலையில் ஏறி, உச்சியைப் பார்த்து, மாலைக்குள் இறங்கி வரலாம். ஆனால், அதற்கு முதலில் தேவை காகிதமும் பென்சிலும்!

1892ல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேற்ற வீரர் எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி: 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். அதோடு, ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம்.

நீங்கள் போகும் பாதை 5 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 + 1 = 2 மணி நேரம். இது, நன்றாக நடந்து பழகிய பெரியவர்களுக்கு. சிறுவர்கள் உள்ள குழு என்றால் பாதி நேரத்தைக் கூட்டி, 3 மணி என்று எழுதுங்கள். காலை 7:00 மணிக்குக் கிளம்பினால் 10:00 மணிக்கு உச்சி.

இந்தக் கணக்கை, குழுவில் யாரை வைத்துப் போட வேண்டும் தெரியுமா? வேகமாக ஓடுபவரை வைத்து அல்ல; மெதுவாக நடப்பவரை வைத்து!

மாணவர்களை அழைத்துச் செல்லும்போது நான் அடிக்கடி கண்ட காட்சி இது. முன்னால் போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து இளைப்பாறுவர். பின்தங்கிய பிள்ளை மூச்சு வாங்க வந்து சேரும். உடனே, 'வந்தாச்சா, கிளம்பலாம்' என்று எல்லாரும் எழுந்து விடுவர். அதிகம் களைத்த பிள்ளைக்கு மட்டும் ஓய்வே இல்லை! எனவே, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கேலி வேண்டாம். வழி தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னும், இன்னொருவர் கடைசியிலும் வரட்டும்.

அடுத்து, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பகல் 12:00 மணி என்று முடிவு செய்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பி விட வேண்டும். இறங்கும்போதுதான் கால் தளர்ந்து வழுக்கும். காட்டுக்குள் இருட்டும் சீக்கிரம் வரும். மலை எங்கும் போய்விடாது; அடுத்த விடுமுறையிலும் அங்கேதான் இருக்கும்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. 2018 மார்ச் 11ல், தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தனர். புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் மலைப்பாதைகளை மூடுவது, நம் உயிரைக் காக்கத்தான். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் வழிகாட்டிகளும் உடன் வருவர். முதல் முறை போகிறவர்கள் எளிதானதில் தொடங்குங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், புளிசாதம், கடலை மிட்டாய், தொப்பி, டார்ச், ஒரு விசில். காலுக்குப் பழகிய ஷூ போடுங்கள். புது ஷூ கடித்து விடும். மொபைல் போன் எடுக்காத இடத்தில் விசில்தான் துணை. வழி தவறினால் அங்கேயே நின்று, ஒரு நிமிடத்துக்குள் 6 முறை ஊதுங்கள். ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். உதவி கேட்கும் இந்த அடையாளம் பல நாட்டு மலையேறிகளுக்கும் தெரியும்.

கொண்டு போன பிளாஸ்டிக் உறை, பாட்டில் எல்லாம் உங்களோடு கீழே இறங்கி வரட்டும்.

சரி, ஒரு வீட்டுக்கணக்கு: பாதை 10 கிலோமீட்டர், உயரம் 300 மீட்டர். உங்கள் குழு உச்சியை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பும் நேரம் எது? விடையை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். பிறகு, 'போகலாமா' என்று கேட்டுப் பாருங்கள்!