அதிபருக்கு வந்த கடிதங்கள் போய்ச் சேர்ந்த இடம்

1933 மார்ச் 4 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்றதை அடுத்த ஒரே வாரத்தில் வெள்ளை மாளிகைக்கு ஏறத்தாழ நான்கரை லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. அதுவரை, அதிபருக்கு வரும் மடல்களைப் பிரித்துப் படித்து வகைப்படுத்தும் வேலையை, 1897-இல் மெக்கின்லி அதிபராக இருந்தபோது பணியில் சேர்ந்த ஐரா ஸ்மித் என்ற ஊழியரே பெரும்பாலும் தனியாளாகச் சமாளித்துவந்தார். ரூஸ்வெல்ட் காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 5,000 முதல் 8,000 கடிதங்கள் வந்தமையால், அதே வேலைக்கு ஐம்பது பேர் தேவைப்பட்டனர். இந்தப் பெருக்கத்தை ஒரு தலைவரின் செல்வாக்குக்குச் சான்றாகக் கொண்டு நிறைவடைவது எளிது. ஆனால் ஒரு தலைவருக்கும் குடிமக்களுக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தை மதிப்பிட, எத்தனை கடிதங்கள் வந்தன, எத்தனைக்குப் பதில் போனது என்ற கணக்கு போதாது. வந்த கடிதம் அரசு இயந்திரத்துக்குள் எந்த மேசைக்குப் போனது, அங்கே அது தனிமனிதரின் வேண்டுகோளாகவே முடிந்துபோனதா, அல்லது அவரைப் போன்ற எல்லோருக்குமான உரிமையாக மாறியதா என்பதே உரைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

மக்கள் திடீரென்று எழுதத் தொடங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. 1929-இல் தொடங்கிய பெருமந்தம், அதாவது உற்பத்தியும் வேலைவாய்ப்பும் ஆண்டுக்கணக்கில் சரிந்துகிடந்த பொருளாதார வீழ்ச்சி, 1933-இல் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை வேலையற்றவராக்கியிருந்தது. வறியோருக்கு உதவுவது ஊராட்சிகளும் தேவாலயங்களும் தரும அமைப்புகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்ற பழைய ஏற்பாடு, அவற்றின் கையிருப்பு தீர்ந்ததும் நொறுங்கிப்போனது. இந்த வேளையில், மார்ச் 12 இரவு, மூடப்பட்டிருந்த வங்கிகள் எப்படித் திறக்கப்படும் என்பதை ரூஸ்வெல்ட் வானொலியில் நேரடியாக, வங்கித் தொழிலின் கலைச்சொற்களைத் தவிர்த்து, வீட்டுக்கூடத்தில் அமர்ந்து பேசுபவரைப் போல விளக்கினார். வாஷிங்டன் அரசைத் தபால்காரர் வடிவில் மட்டுமே அறிந்திருந்த குடும்பங்களுக்கு, அதன் தலைவரே வீட்டுக்குள் வந்து பேசிய உணர்வு ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட், தமக்குக் கடிதம் எழுதுமாறு ஒரு பெண்கள் இதழில் வெளிப்படையாகவே அழைப்பு விடுத்தார். சில மாதங்களுக்குள் அவருக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் மடல்கள் வந்து சேர்ந்தன.

ராபர்ட் மெக்எல்வைன் என்ற வரலாற்றாசிரியர் 1983-இல் தொகுத்து வெளியிட்ட நூலில் இக்கடிதங்களில் ஒரு பகுதியைக் காணலாம். பள்ளி நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதப்பட்டவை, எழுத்துப் பிழைகள் மலிந்தவை, அரைகுறைப் படிப்போடு நாட்டின் தலைவருக்கு எழுதத் துணிந்தவர்களின் கூச்சம் வரிக்கு வரி தெரிபவை. 1935 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் எலினோருக்கு எழுதிய கடிதம் அவற்றுள் ஒன்று. பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணிமணிகள் இல்லை என்று சொல்லி உதவி கேட்ட அவர், அதைத் தானமாகக் கேட்கவில்லை. கடனாகக் கேட்டு, அதற்கு ஈடாகக் கணவர் திருமணத்துக்கு முன் கொடுத்த மோதிரத்தையும் தம் தாய் அணிந்திருந்த மோதிரத்தையும் உறையிலேயே வைத்து அனுப்பியிருந்தார். அடகுக் கடையில் செய்வதை அதிபரின் வீட்டில் செய்திருக்கிறார் அப்பெண். உதவி வேண்டும், ஆனால் யாசகம் பெற்றவளாகக் கூடாது என்ற தவிப்பு அந்த இரண்டு மோதிரங்களில் இருக்கிறது. உழைப்பவர் உதவி பெறுவது இழுக்கல்ல என்று சொல்லும் சட்டம் எதுவும் அந்நாட்டில் அன்று இல்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானதே அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்றுதான்.

இத்தகைய கடிதங்கள் அனைத்தையும் அதிபரோ அவர் மனைவியோ படித்திருக்க இயலாது. வந்தவை பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டன. மாதிரிக்குச் சில மட்டும் அதிபரின் பார்வைக்குச் சென்றன. ஒரு மசோதா அல்லது வானொலி உரை குறித்து ஆதரவாக எத்தனை, எதிர்ப்பாக எத்தனை என்று எண்ணித் தயாரிக்கப்படும் அஞ்சல் சுருக்கக் குறிப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. கருத்துக்கணிப்பு இன்னும் வேரூன்றாத அக்காலத்தில் நாட்டின் மனநிலையை அறிய இதுவே கைக்கெட்டிய கருவி. குறைபாடுள்ள கருவியும்கூட. 1935-இல் மின்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மசோதாவுக்கு எதிராக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் குவிந்த தந்திகளில் பல, பெயருக்குரியவர்களுக்கே தெரியாமல் அனுப்பப்பட்டவை என்பது செனட்டர் ஹ்யூகோ பிளாக் நடத்திய விசாரணையில் அம்பலமானது. எழுதாதவர்களின் நிலையை எந்தச் சுருக்கக் குறிப்பும் காட்டவில்லை என்பது இதைவிடப் பெரிய குறை. நிவாரணத் துறையின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ், லொரீனா ஹிக்காக் என்ற பத்திரிகையாளரை மாநிலம் மாநிலமாக அனுப்பி நேரில் கண்டு எழுதச் சொன்னதற்கு இந்த அறிவு பின்னணியாக இருந்திருக்க வேண்டும்.

வேலை, வீட்டுக்கடன், நிவாரணம் கேட்டு வந்த பெரும்பாலான மடல்கள் உரிய துறைகளுக்கு அனுப்பப்பட்டன. எழுதியவருக்கு அலுவலர் ஒருவர் கையொப்பமிட்ட வழக்கமான பதில் ஒன்று சென்றது. துறைக்கு அனுப்புவது என்பது சிறிய காரியம்போலத் தோன்றினாலும் அதில்தான் பலருடைய தலையெழுத்து தீர்மானிக்கப்பட்டது. தென்மாநிலங்களில் நிவாரணப் பணத்தையும் வேலையையும் பங்கிட்டவர்கள் உள்ளூர் வெள்ளையின அலுவலர்கள். கறுப்பின மக்களுக்குரிய பங்கு மறுக்கப்படுவதாக வாஷிங்டனுக்கு எழுதப்பட்ட புகார்கள், பல நேரங்களில் மாநில, உள்ளூர் நிர்வாகங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. நம்மூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுத்த மனு, புகாருக்கு உள்ளான அலுவலகத்துக்கே விசாரணைக்குப் போவதைக் கண்டவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. 1935 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை எழுதியவர், பெயரைப் போட்டால் அடித்து ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள் என்று அஞ்சிக் கையொப்பமிடாமல் அனுப்பியிருந்தார். பெயரில்லாக் கடிதத்துக்குப் பதில் போக வழியில்லை. தலைவரின் நல்லெண்ணத்தை நம்பி எழுதியவரையும் அந்த நல்லெண்ணம் தொடர முடியாத ஓர் எல்லைக்கோடு அங்கே இருந்தது.

இதற்கு நேர்மாறாக, கையில் கொடுக்கப்பட்ட ஒரு துண்டுத்தாள் சட்டத்தின் வாசல்வரை சென்ற வரலாறும் உண்டு. 1936 தேர்தல் பரப்புரையின்போது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில், கூட்டத்திலிருந்து உறையை நீட்டிய ஓர் இளம்பெண்ணைக் காவலர் பின்னுக்குத் தள்ளினார். அதைக் கவனித்த ரூஸ்வெல்ட், உதவியாளரிடம் சொல்லி அந்த உறையை வாங்கிவரச் செய்தார். தையல் ஆலையில் வேலை செய்யும் இருநூறு பெண்களுக்கு வாரக்கூலி 11 டாலராக இருந்தது என்றும், சில மாதங்களில் அது 4, 5, 6 டாலர்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. அந்நேரத்தில் அதிபரின் கைகள் கட்டப்பட்டிருந்தன என்பது மிகையல்ல: தொழில்துறைக் கூலி விதிகளை உச்சநீதிமன்றம் 1935 மே மாதத்தில் செல்லாதவை என்று அறிவித்திருந்தது, பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த நியூயார்க் சட்டத்தையும் 1936 ஜூனில் ரத்து செய்திருந்தது. ரூஸ்வெல்ட் அப்பெண்ணுக்கு மட்டும் ஓர் உதவி செய்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் அந்தத் தாளின் செய்தியைச் செய்தியாளர்களிடம் எடுத்துச் சொல்லி, பட்டினிக்கூலியை ஒழிக்க ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வாதத்துக்குச் சான்றாக்கினார். 1937 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. மே மாதம் கூலி மசோதா நாடாளுமன்றத்துக்குச் சென்றது. 1938 ஜூன் 25 அன்று நியாயமான உழைப்புத் தரச் சட்டம் கையெழுத்தானது. மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி, முதல் ஆண்டில் வாரத்துக்கு 44 மணி நேரம் என்பவை அதன் தொடக்க வரையறைகள். இவ்விரண்டையும் பெருக்கினால் சரியாக 11 டாலர் வருகிறது. தற்செயலாகவே இருக்கலாம், ஆனாலும் நியூ பெட்ஃபோர்டு பெண்கள் இழந்துவிட்டதாக எழுதிய அதே தொகைக்குக் கீழே இனி முழு வார உழைப்பு விலைபோகக் கூடாது என்று ஒரு நாடு எழுதிவைத்துக்கொண்டது பெரிய காரியம்.

ஆயினும் அச்சட்டம் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உழைப்பாளர்களையே காத்தது. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் விலக்கப்பட்டனர். தென்மாநிலக் கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோர் இவ்விரு தொழில்களில்தாம் இருந்தனர். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இதே இருவகையினரை வெளியே நிறுத்தியிருந்தது. நாடாளுமன்றக் குழுக்களில் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் பெற்றிருந்த பிடியை மீறி எந்த மசோதாவும் நகர முடியாது என்ற நிலையில், இந்த விலக்குகளை அதிபர் ஏற்றுக்கொண்டார். விலக்கப்பட்டவர்கள் எழுதாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. விடிகாலையில் தொடங்கி இரவு உணவுப் பாத்திரம் கழுவும்வரை நீளும் வேலை நேரத்தையும் கைக்கு வரும் சொற்பக் கூலியையும் குறித்து வீட்டுப் பணிப்பெண்கள் அதிபருக்கும் எலினோருக்கும் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்கின்ஸுக்கும் எழுதிக்கொண்டே இருந்தனர். தனியார் வீட்டுக்குள் நடக்கும் வேலை துறையின் அதிகார வரம்புக்குள் வராது என்பதே அவர்களுக்குக் கிடைத்த விளக்கம். ஆலைப் பெண்களுக்கு இருந்த தொழிற்சங்கமும் வாக்கும் தென்மாநில வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இல்லை. இரு தரப்பின் கடிதங்களிலும் இருந்த துயரத்தில் ஏற்றத்தாழ்வு காண முடியாது, அவற்றின் பின்னால் நின்ற அரசியல் வலிமையில்தான் அது இருந்தது. தொடர்ச்சியாகப் பணியமர்த்தப்பட்ட வீட்டுப் பணியாளர்களைச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஏற்க 1950-இன் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களை ஏற்றது 1974-இல்.

பிற்காலத்தில், குடிமக்களின் கடிதங்களைப் படிக்கும் இந்த மரபை மிக ஒழுங்காகக் கடைப்பிடித்த அதிபர் பராக் ஒபாமா. நாள்தோறும் வந்த ஆயிரக்கணக்கான மடல்களிலிருந்து பத்தை ஊழியர்கள் தேர்ந்தெடுத்துக் கோப்பில் வைத்து அனுப்ப, அவர் இரவில் படித்துச் சிலவற்றுக்குத் தம் கையாலேயே பதில் எழுதினார். புகழ்ந்தவை மட்டுமின்றித் திட்டியவையும் அக்கோப்பில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று ஒஹையோ மாநிலத்தில் வீடுகளைச் சுத்தம் செய்து தனியாளாகப் பிழைத்துவந்த, ஒருமுறை புற்றுநோயிலிருந்து மீண்டிருந்த பெண் ஒருவர் எழுதியது. அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை தரும் நிறுவனத்தின் வழியாகக் கிடைப்பது. அப்படியொரு நிறுவனம் இல்லாத அவர், ஏறிக்கொண்டே போன பிரீமியத்தைக் கட்ட முடியாமல் காப்பீட்டைக் கைவிட்டார், சில வாரங்களில் ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2010 மார்ச்சில் ஒபாமா அக்கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத் தலைவர்களுக்கு வாசித்துக் காட்டினார். பின்னர் அதைச் சட்டகமிட்டுத் தம் அலுவலகத்துக்கு அருகே மாட்டிவைத்தார். மார்ச் 23 அன்று காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது. முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டி வயதுவந்தோருக்குக் காப்பீடு மறுப்பதைத் தடைசெய்யும் அதன் பிரிவு 2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.