மோதிர விரலில் பாதி

ராமநாதபுரத்தில் இருக்கும் என் பெரியம்மா பூக் கட்டுவதில் கெட்டிக்காரி. வாய் ஊர்க் கதை பேசிக்கொண்டிருக்கும். கை தன் பாட்டுக்கு மல்லிகையை வாழை நாரில் கட்டிக்கொண்டே போகும். போன தடவை நான் போயிருந்தபோது நார் இரண்டு தரம் நழுவிற்று. மூன்றாம் தரம் கூடையையே ஒதுக்கி வைத்துவிட்டாள்.

"என்ன பெரியம்மா?"

"ஒண்ணுமில்லேடி. கடல் காத்து. ராத்திரியானா கை மரத்துப்போகுது. உதறினா சரியாயிடும்."

எந்தெந்த விரல் என்று கேட்டேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரலுக்கு ஒன்றுமில்லையாம். காற்று இப்படி விரல் பார்த்தா வீசும்?

பெரியம்மாவுக்குப் பத்து வருஷமாகத் தைராய்டு சுரப்புக் குறைவு. "உடம்புதான் நன்றாயிருக்கிறதே" என்று மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தாள் என்பது டாக்டரிடம் போன பிறகுதான் வெளியே வந்தது.

சுரப்புக் குறைந்தால் தசைநார்களைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அந்த மூன்றரை விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. சந்துக்குள் வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். கவனிக்காமல் நாள் கடத்தினால் பாதங்களிலும் எரிச்சலோ மதமதப்போ தோன்றலாம்.

டாக்டர் பெரியம்மாவை நாற்காலியில் முழங்கால் போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளிற்று, ஆனால் பள்ளிக்கூடம் போக எழுந்திருக்கும் பிள்ளையைப் போல மெள்ளத்தான் திரும்பிற்று. சுரப்புக் குறைவுக்கு அது ஓர் அடையாளம். பிறகு இசைக்கவையை அதிரவிட்டுக் கால் பெருவிரலில் வைத்து, "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள், அம்மா" என்றார். கடைசியில் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை. சுருக்கென்று துளி மின்சாரம். அது மணிக்கட்டைத் தாண்ட எத்தனை நேரம் ஆகிறது என்று கணக்கு. மரமரப்பே இல்லாத சிலருக்குக்கூட இதில் மந்தம் தெரிந்துவிடுமாம். ரத்தத்தில் தைராய்டோடு சர்க்கரையும் பி-12 வைட்டமினும் பார்த்தார்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் கை கால் மரக்குமே!

உங்கள் வீட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். இரவில் எழுந்து கையை உதறுகிறார்களா? கையிலிருந்து டம்ளர் நழுவுகிறதா? ஆரம்பத்தில் கண்டுகொண்டால் மாத்திரையின் அளவைச் சரிப்படுத்துவதிலேயே பலருக்குக் குணம் தெரியும். நாள்பட நசுங்கிய நரம்பு அத்தனை சுலபமாகத் தேறாது.

"சமுத்திரக் கரையிலே இருக்கோம், நமக்கு எப்படித் தைராய்டு?" என்றாள் அடுத்த வீட்டு அம்மாள். உப்பளத்து உப்பில், நாமாகச் சேர்த்தாலொழிய, அயோடின் இல்லாத மாதிரிதான். அதோடு, பலருக்கு உடம்பின் காவல் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. அதற்குக் கடற்கரை என்ன, மலை என்ன!

பாம்பன் பக்கம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குக் கை மரத்தால் எல்லோரும் வேலையைத்தான் சொல்வார்கள். வேலையாகவும் இருக்கலாம். எந்த விரல் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

பெரியம்மா இப்போது விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொள்கிறாள். அப்புறம் ஒரு மணி நேரம் காப்பி கிடையாது என்பதில் டாக்டர் மேல் இன்னும் கோபம். ராத்திரி கையை உதறுவது குறைந்திருக்கிறது. நார் மட்டும் எப்போதாவது ஒரு தரம் நழுவுகிறது.