புகை வந்தால் வெட்டுகிறது என்று அர்த்தமா?

இரும்பில் ஓட்டை போடுவது பற்றி நம் ஊரில் ஒரு நம்பிக்கை வேரோடிப் போயிருக்கிறது. மிஷின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு சீக்கிரம் வெட்டும். வெட்டவில்லையா, இன்னும் அழுத்து. அப்படியும் வெட்டவில்லையா, வட்டமாக ஓட்டை அறுக்கும் ஹோல் சா டூப்ளிகேட். மூன்றும் தப்பு. மூன்றாவது மட்டும் கடைக்காரருக்கு லாபமான தப்பு, அடுத்த ஹோல் சா விற்குமே!

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது கஷ்டமில்லை. 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 2500 சுற்று உண்மையிலேயே சரியான வேகம். சுவரில் துளை போடவும் வேகம் உதவும். கிரைண்டரோ 11,000 சுற்றில் ஓடுகிறது. ஆனால் கிரைண்டர் கல் உலோகத்தைத் தேய்த்துத் தின்கிறது. ஹோல் சாவின் பல் சீவி எடுக்கிறது. தேய்ப்பதற்குச் சூடு ஒரு பொருட்டில்லை, சீவுவதற்கு அதுதான் எமன்.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 50 மி.மீ. ஹோல் சாவின் சுற்றளவு சுமார் 157 மி.மீ. வீட்டுக்கு வீடு இருக்கும் சாதாரண டிரில் 2800 சுற்றில் ஓடினால், அதன் பல் ஒரு நிமிடத்தில் 440 மீட்டர் இரும்பின் மேல் ஓடுகிறது. சாதா இரும்பில் அந்தப் பல் தாங்குவது 25, 30 மீட்டர்தான். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் அதிலும் பாதி. அதாவது 50 மி.மீ. ஓட்டைக்கு இரும்பில் 160 சுற்று, எஸ்.எஸ்.ஸில் 80 சுற்று போதும். எட்டு சதவீதம் கோபால்ட் கலந்த பல்லாகவே இருக்கட்டும், பத்து மடங்குக்கு மேல் ஓட்டினால் நல்ல கம்பெனி சரக்கும் முதல் ஓட்டையிலேயே மழுங்கத்தான் செய்யும்.

கூனிமேடு, மரக்காணம் கரையில் இந்தத் தப்புக்கு இன்னொரு அபராதமும் உண்டு: உப்புக் காற்று. உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். கேபிள் நுழைவதற்காகப் போட்ட ஓட்டையைச் சுற்றி பெயின்ட் கருகிக் கொப்பளித்திருந்தால், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு பெயின்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். வீட்டு சிங்க்கில் குழாய்க்காக 35 மி.மீ. ஓட்டை போடும்போதும் அதே கதை. ஓரம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறினால், துருவைத் தடுக்கும் குரோமியம் அந்த இடத்தின் மேற்பரப்பில் குறைந்துவிட்டது என்று பொருள். 304 ரக எஸ்.எஸ். கடலோரத்தில் ஏற்கெனவே புள்ளி விழும் ரகம். நாம் வேறு அதற்கு வாசல் திறந்து கொடுக்கிறோம். போதாக்குறைக்கு எஸ்.எஸ்.ஸுக்கு ஒரு வீம்பு உண்டு: பல் சீவாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு எந்தப் பல்லும் ஏறாது. ஆகவே மெதுவாக ஓட்ட வேண்டும், ஆனால் விடாமல் அழுத்த வேண்டும். கட்டிங் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் வேலை நடக்கிறது. பொடியும் புகையும் வந்தால் பல் செத்துக்கொண்டிருக்கிறது.

"டிரிக்கரை லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுற்றுமே" என்பார்கள். சுற்றும். உள்ளே இருக்கும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். பாரம் ஏறி, காற்று குறைந்து, காயில் வாசனை அடிக்கும். வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுவது கியரின் வேலை. இரண்டு கியர் உள்ள டிரில்லை முதல் கியரில் போட்டு ஓட்டுங்கள். பேட்டரி டிரில் பலவற்றில் முதல் கியர் 400, 500 சுற்றோடு நின்றுவிடும், அதில் டிரிக்கரைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பக்கக் கைப்பிடியை மாட்டாமல் தொடாதீர்கள்: பல் மாட்டிக்கொண்டால் முறுக்கு முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்கும். ஹாமர் சுவிட்ச் போட்டபடி இரும்பில் வைப்பவரிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, பல் உதிரும்போது அதுவே சொல்லும்.

கார்பைடு பல் வைத்த ஹோல் சா வாங்கினால் எல்லாம் தீரும் என்பது இப்போது பரவும் புது நம்பிக்கை. கார்பைடு சூடு தாங்கும், அடி தாங்காது. கை ஆடினாலே ஓரம் சில்லாகத் தெறித்துவிடும். கேபிள் நுழையும் அளவு ஓட்டைதான், தகடும் மெல்லிசு என்றால் ஸ்டெப் டிரில்லே போதும்.

கடைக்குப் போனால் வாட் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெட்டி மேலும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வாட் வேகமாகப் போகிறதா, முறுக்காகப் போகிறதா என்பது மிஷினின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில், ஆர்.பி.எம். என்ற வரியில் இருக்கிறது. அங்கே ஒரே எண் இருக்கிறதா, கியருக்கு ஒன்றாக இரண்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைப் பிரித்துக் காட்டக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் ஹார்டுவேர் கடைக்கா பஞ்சம்?