பரீக்ஷை மேற்பார்வைக்குப் பயிற்சி

சர்க்கார் உத்தியோகப் பரீக்ஷையின் யோக்கியதை வினாத்தாளில் மட்டுமன்று, மேற்பார்வையாளரின் திறமையிலும் அடங்கியிருக்கிறது. 2019 செப்டம்பர் 1-ந் தேதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதிப் பரீக்ஷையில் நடந்ததென்ன? ராமேசுவரம், கீழக்கரை நிலையங்களில் சிலர் மறையும் மையினால் விடை குறித்தனர். வழியில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. தண்டனை நியாயமே. ஆயினும், கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

செட்டியார்பட்டித் தொழிலாளியின் மகனுக்குப் பணமுமில்லை, சிபார்சுமில்லை. நேர்மையான பரீக்ஷை ஒன்றே துணை. அதைக் காப்போர் கையில் சுற்றறிக்கையைக் கொடுத்தால் மட்டும் போதாது. பேனாவைச் சோதித்தல், ஆளை அடையாளங் காணல், விடைத்தாள்களை எண்ணி முத்திரையிடல், சந்தேகத்தை அஞ்சாது அறிவித்தல் ஆகியவற்றில் முன்கூட்டியே பயிற்சியளித்து, தேறியவரையே நியமிக்க வேண்டும். சர்க்கார் இதில் தாமதிக்கலாகாது.