டெல்லிக்கும் வேண்டும் ஒரு "ஆட்கள் தேவை" போர்டு

எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். திருப்பூரில் ஒரு சுவர் சும்மா இருந்தால் அதில் "ஆட்கள் தேவை" என்று நோட்டீஸ் இருக்கும். ஓவர்லாக் டைலர், பேட்லாக் டைலர், கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர், செக்கிங் ஆட்கள்... கரண்ட் கம்பம், டீக்கடைத் தட்டி, எதுவும் தப்பாது. ஆள் இல்லை என்று சொல்ல இந்த ஊர் வெட்கப்பட்டதே இல்லை. வெட்கப்பட்டால் கப்பல் போய்விடும்!

போன மாதம் என் மாமாவோடு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். (எந்த ஊர், எந்த ஆபீஸ் என்றெல்லாம் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.) மாமா சின்னதாக ஜாப் வொர்க் யூனிட் நடத்துகிறார். அவருடைய ஃபைல் ஒன்று பல மாதமாக அங்கே தூங்கிக்கொண்டு இருந்தது. "பி.காம் படிக்கிறான், இங்கிலீஷ்ல பேசுவான்" என்ற நம்பிக்கையில் என்னைக் கூட்டிப் போனார். இங்கிலீஷுக்கு வேலையே வரவில்லை. அங்கிருந்த அம்மா தமிழில் தெளிவாகவே சொல்லிவிட்டார். "அந்த சீட்டுக்கு ஆளே போடலைங்க. வேற ஆபீசர்தான் சேர்த்துப் பாக்கறாரு. வாரத்துல ரெண்டு நாள் வருவாரு. இன்னைக்கு வர்ற நாள் இல்லைங்க."

அவர் மேல் கோபமே வரவில்லை. மூன்று பேர் வேலையை ஒருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கேட்டார். "நம்ம லைன்ல ஒரு டைலர் வரலைன்னா பத்து நிமிசத்துல ஆள் மாத்தறோம் கண்ணு. இல்லாட்டி பீஸ் குமிஞ்சு போகும். இவுங்க சீட்டு காலியாக் கெடந்தா யாரு கேக்கறது?"

யார் கேட்பது? அதுதான் இந்தப் பதிவு.

பதில் சட்டப்படி ரொம்ப சுலபம். நாடாளுமன்றம் கேட்க வேண்டும். நாடாளுமன்றம் என்றதும் நமக்கு டிவியில் பார்க்கும் கூச்சலும் வெளிநடப்பும்தான் ஞாபகம் வரும். அதற்குப் பின்னால் இன்னொரு நாடாளுமன்றம் இருக்கிறது. 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்கள் என்று ஆரம்பித்தார்கள். அப்போது 17, 2004-லிருந்து 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. பட்ஜெட் வந்ததும் ஒவ்வொரு துறையும் கேட்கும் பணத்தை, அதாவது மானியக் கோரிக்கையை, இந்தக் குழுக்கள்தான் உட்கார்ந்து அலச வேண்டும். துறைச் செயலாளரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? இப்போது ஓட்டைகளைப் பாருங்கள்.

முதல் ஓட்டை விதியிலேயே இருக்கிறது. அமைச்சகங்களின் அன்றாட நிர்வாக விஷயங்களை இந்தக் குழுக்கள் பொதுவாகப் பரிசீலிக்கக் கூடாதாம். சரி, ஒரு நாற்காலி காலியாக இருப்பது அன்றாட நிர்வாகமா, கொள்கையா? ஒரு வாரம் காலி என்றால் நிர்வாகம், ஒத்துக்கொள்கிறேன். வருடக்கணக்கில் காலி என்றால் அது கொள்கைதான். "இந்த வேலை நடக்காவிட்டாலும் பரவாயில்லை" என்கிற, எழுதப்படாத கொள்கை. 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் சுமார் 40.35 லட்சம். அதில் காலி 9.79 லட்சம். ஏறக்குறைய நாலில் ஒரு நாற்காலி! இது நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. 2022 ஜூனில் ஒன்றரை வருடத்தில் 10 லட்சம் பேரை எடுப்போம் என்று அறிவித்ததே, பிரச்சினை எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கும் தெரியும் என்பதற்கு சாட்சி.

இரண்டாவது, குழு சொல்வது வெறும் பரிந்துரை. மூன்று மாதத்தில் அரசு பதில் தர வேண்டும். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதினாலும் அது பதில்தான். கூட்டமும் மூடிய அறையில். பிரிட்டனில் இதே மாதிரித் துறைக் குழுக்கள் 1979-லிருந்து இருக்கின்றன. அங்கே பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் நேரடியாகவே பார்க்கலாம். அதிகாரி திணறுவதை ஊரே பார்க்கும். இங்கே கடைசியில் வெளிவரும் அறிக்கையை மட்டும் நாம் பார்க்கலாம்.

மூன்றாவது, ஒரு டி-சர்ட்டை எத்தனை பேர் பிரித்துக்கொள்கிறார்கள் தெரியுமா? ஏற்றுமதி வர்த்தகத் துறையில், அதற்கு ஒரு குழு. ஜவுளி வேறு அமைச்சகம், அதற்குத் தொழிலாளர் துறையோடு சேர்த்து வேறு குழு. பணம் கைக்கு வருவது சுங்கத்துறை வழியாக. அது நிதி அமைச்சகம், அதற்கு இன்னொரு குழு. போதாக்குறைக்குக் குழுக்களை வருடத்துக்கு ஒரு முறை மாற்றி அமைக்கிறார்கள். விஷயம் பிடிபடும்போது வருடம் முடிந்துவிடும்.

இதெல்லாம் தாண்டி குழு அறிக்கை கொடுத்தாலும் சபையில் யார் விவாதிக்கிறார்கள்? முக்கால்வாசித் துறைகளின் மானியக் கோரிக்கை ஒவ்வொரு வருடமும் "கில்லட்டின்" முறையில் மொத்தமாக வெட்டி நிறைவேற்றப்படுகிறது. 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் எல்லாமே அப்படித்தான். 2023-ல் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய், மக்களவையில் அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல்! எங்கள் காலேஜ் சிம்போசியத்துக்கு 8,000 ரூபாய் கேட்டால் மூன்று மீட்டிங் போடுகிறார்கள்.

இதனால் திருப்பூருக்கு என்ன? காஸ்டிங் ஷீட் பார்த்தவர்களுக்குப் புரியும். ஆடை ஏற்றுமதிக்கு 2017 நவம்பரிலிருந்து மெய்ஸ் திட்டத்தில் 4 சதவீதம் சலுகை இருந்தது. நம்பித்தான் பையருக்கு விலை சொன்னார்கள். 2020 ஜனவரி கடைசியில் ஒரு அறிவிப்பு வருகிறது. அந்தச் சலுகை 2019 மார்ச் 7-லிருந்தே இல்லையாம்! பத்து மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டு. பதிலாகக் கொடுத்தது 1 சதவீதம் வரைதான். போன கப்பலைத் திரும்பக் கூப்பிட்டு விலையை ஏற்றவா முடியும்?

அடுத்த வருடம் இன்னொன்று. 2021 ஜனவரி 1-லிருந்து மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் ஏற்பாடு ஆடைகளுக்கு எந்தத் திட்டத்தில், எந்த விகிதத்தில் என்றே தெளிவில்லை. பழைய திட்டமே தொடரும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது 2021 ஜூலை 14-ல். அதில் ஆடைக்கு அதிகபட்சம் 6.05 சதவீதம். லாபமே சில சதவீதம் இருக்கிற தொழிலில், ஆறு மாதம் இதைத் தெரியாமல் விலை சொல்வது வியாபாரமா, லாட்டரியா?

எல்லாவற்றுக்கும் ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு துறை எப்படி இயங்குகிறது, யார் கையில் வேலை நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று வெளிச்சத்தில் கேட்க ஆளில்லாததுதான் காரணம் என்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எல்லோரும் டிரம்பைத் திட்டினோம். சரி, திட்டலாம். அவரை நம்மால் மாற்ற முடியாது. நம் ஊர் ஃபைல் நகர்வதை மாற்ற முடியும்.

"இப்பத்தான் எல்லாம் ஆன்லைன் ஆச்சே, ஆள் எதுக்கு?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். பாதி நியாயம். ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் இன்று வீட்டிலிருந்தே வாங்கலாம், நல்ல விஷயம். ஆனால் 2016-லிருந்து 2022 மார்ச் வரை இருந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 17,822 கோடி. கார்மென்ட் மெஷினுக்கு 15 சதவீத மானியம். விண்ணப்பம் ஆன்லைன்தான். மெஷின் நிஜமாகவே இருக்கிறதா என்று ஜவுளி ஆணையர் அலுவலகமும் வங்கியும் சேர்ந்து நேரில் வந்து பார்க்க வேண்டும். வெப்சைட் பஸ் ஏறி வருமா?

"அரசாங்கம் சின்னதா இருக்கறதுதான் நல்லது" என்பது அடுத்த வாதம். சின்னதாக இருக்கட்டும். அப்படியென்றால் விதியையும் படிவத்தையும் முதலில் குறையுங்கள். மூன்று கையெழுத்து கேட்டுவிட்டு ஒரு ஆளைப் போடுவது சிக்கனம் அல்ல, அந்தச் செலவை என் மாமா தலையில் கட்டுவது. பெரிய கம்பெனி டெல்லிக்கு ஆள் அனுப்பும். பத்து மெஷின்காரர் வட்டிக்கு வாங்குவார்.

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, ஒவ்வொரு மானியக் கோரிக்கை அறிக்கையிலும் அலுவலகவாரியாக எத்தனை பணியிடம், எத்தனை காலி, எத்தனை மாதமாக, எத்தனை ஃபைல் நிலுவை என்று கட்டாயமாக ஒரு அட்டவணை. இரண்டு, அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் அமர்வை, ரகசியம் இல்லாத விஷயங்களிலாவது, நேரலையில் காட்டுங்கள். மூன்று, வர்த்தகத்துக்கும் ஜவுளிக்கும் உள்ள குழுக்கள் வருடத்துக்கு ஒரு நாளாவது ஒன்றாக உட்காரட்டும். முடிந்தால் திருப்பூரில். காபிக்கு நாங்கள் பொறுப்பு.

நம் பங்குக்கும் ஒரு குட்டு. இந்த அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. மூன்று வருடம் வணிகவியல் படித்தும் நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை, மாமாவோடு அந்த ஆபீஸ் வாசலில் நிற்கும்வரை. நாம் படிக்காத அறிக்கைக்கு யார் பயப்படுவார்கள்? ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோடு, தண்ணி கேட்கிறோம். அடுத்த முறை இதையும் கேட்போம். "நீங்க எந்தக் குழுவில் இருந்தீங்க? எத்தனை கூட்டத்துக்குப் போனீங்க? காலி நாற்காலியைப் பத்திக் கேட்டீங்களா?"

மாமா ஃபைல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அவர் யூனிட் வாசலில் "பேட்லாக் டைலர் தேவை" போர்டு தொங்குகிறது. அதில் பாதி நேர்மையாவது அந்த ஆபீஸ் வாசலில் தொங்கட்டும்.