வெளிநாட்டுச் செக்கும் நம்மூர் வங்கிகளும்



உள்ளூர்ச் செக் அடுத்த வேலை நாளே மாறுகிறது. 2006 முதல் செக்கின் படம்தான் போகிறது. வெளிநாட்டுச் செக்குக்கு அந்த வழி இல்லை. தாளாகவே அந்த நாட்டு வங்கிக்குப் போய்ப் பணம் வர வாரக்கணக்காகும். சரி, அதைச் செக்கை வாங்கும்போதே ஏன் சொல்வதில்லை?

சவூதியில் உழைத்துவிட்டு வந்த சகோதரி, கடைசிச் சம்பளச் செக்கைக் கொடுத்துவிட்டு நாட்கணக்காக அலைகிறார். இங்கே ஒரு கழிவு, அங்கே ஒரு கழிவு. செக் திரும்பினால் அதற்கும் கட்டணம்!

"வெளிநாட்டுப் பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள்" என்று விளம்பரம் ஒட்டுபவர்களுக்கு, கட்டணத்தையும் தவணையையும் தமிழில் ஒட்ட முடியாதா? சனம் உண்டியலுக்குப் போனால் குற்றம் யாருடையது?

வெளிநாட்டில் இருப்போரே, செக் வாங்காதீர்கள். கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இங்கிருப்போர் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். அது சலுகை அல்ல, நம் உரிமை.