வீட்டுக்கு வந்த காசி

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் ஒரு வீடு. அங்கே எண்பத்திரண்டு வயதுப் பாட்டியார் ஒருவர் இருக்கிறார். மூட்டு வலியின் காரணமாக இரண்டு ஆண்டுகளாக வாசற்படியைத் தாண்டியதில்லை. காசிக்குச் சென்று கங்கையைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கணவர் இருந்த காலத்தில் இருமுறை ரயிலில் பயணச்சீட்டு பதிவு செய்தும், ஏதோ ஒரு காரணத்தால் பயணம் தடைப்பட்டுப் போயிற்று. பின்னர் கணவரும் இறைவனடி சேர்ந்தார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் பேரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். நீச்சல் வீரர்கள் அணியும் கண்ணாடியைப் பெரிதாக்கியது போன்ற அமைப்பு. பாட்டியாரை நாற்காலியில் அமரவைத்து, கண்களை மூடியவாறு அதைப் பொருத்தினான். மறுகணம் செம்பாக்கம் மறைந்தது. காசியின் தசாசுவமேதப் படித்துறை எதிரே விரிந்தது. தலையை இடப்புறம் திருப்பினால் படிக்கட்டுகளும் மக்கள் கூட்டமும். வலப்புறம் திருப்பினால் படகுகள். நேர் எதிரே கங்கை. ஆரத்தி தொடங்கியதும் பாட்டியாரின் கைகள் தலைக்கு மேல் குவிந்தன. அடுக்குத் தீபம் அருகே வந்தபோது, ஒற்றிக்கொள்வதற்காக இரு கைகளையும் நீட்டினார். கைகளுக்கு வெறும் காற்றுதான் கிடைத்தது.

கருவியைக் கழற்றிய பின்பு கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கங்கையைப் பார்த்துட்டேன் கண்ணா. நீ நல்லா இருக்கணும்." சற்று நேரம் மௌனம். பிறகு மெல்லிய குரலில், "காசிக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டே. மாடம்பாக்கத்துக்கு எப்போ கூட்டிக்கிட்டுப் போவே?" என்று கேட்டார்.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் ஆலயம் அந்த வீட்டிலிருந்து ஆட்டோவில் சென்றால் கால் மணி நேரத் தொலைவுதான். கபில முனிவர் பசுவாகப் பிறந்து பால் சொரிந்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் திருத்தலம். சோழர் காலத்துத் திருக்கோயில். யானையின் பின்புறம் போன்று அமைந்த கஜப்பிருஷ்ட விமானம் உடையது. மலையேற வேண்டியதில்லை, வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதும் இல்லை. ஆயினும் பாட்டியாரின் கேள்விக்கு அந்த வீட்டில் ஒருவராலும் உடனே விடை சொல்ல இயலவில்லை.

கருவியும் வணிகமும்

பேரன் கொண்டுவந்த கருவி 'விர்ச்சுவல் ரியாலிட்டி' எனப்படும் மெய்நிகர் காட்சிக் கருவி. இதன் அடிப்படைத் தத்துவம் புதிதன்று. மனிதனின் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை இணைக்கும்போது ஆழமும் தொலைவும் புலப்படுகின்றன. இதைக் கண்டறிந்து, இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டும் கருவியை இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். 1968-இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லாந்து, தலையில் பொருத்தும் கணினித் திரையை உருவாக்கினார். தலை திரும்பும் திசைக்கேற்பக் காட்சியும் திரும்பும் வித்தை அதில் இருந்தது. 2014-இல் கூகுள் நிறுவனம் அட்டைப் பெட்டியில் இரண்டு வில்லைகளைப் பொருத்தி, கைப்பேசியையே திரையாக்கும் எளிய முறையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் இத்துறையில் முன்னணியில் இருந்த 'ஆக்குலஸ்' நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது.

இவ்வளவு பெரும் பணம் புழங்குவது பிள்ளைகளின் விளையாட்டுக்காக மட்டுமன்று. வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்க விழைவோர், அஸ்திவாரம் போடும் முன்பே சமையலறை முதல் பூசையறை வரை இக்கருவியின் வழியாக உலவிப் பார்க்கலாம். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2018-இல் பதினேழாயிரம் கருவிகளைத் தன் கடைகளுக்கு அனுப்பி, ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும் வேளையில் பனி சூழ்ந்த ஓர் உலகை இக்கருவியில் காட்டினார்கள். மனம் அந்தக் குளிர்ந்த உலகில் ஒன்றியபோது, நோயாளிகள் உணர்ந்த வலி குறைந்தது. மனம் எங்கு நிலைக்கிறதோ அங்கேயே உடலின் அனுபவமும் செல்கிறது என்பது தியானம் பயின்றவர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

ஆலயத்தின் வாசலில்

இந்த வணிகம் இப்போது ஆலய வாசலுக்கும் வந்துள்ளது. காசி விசுவநாதர் ஆலயத்திலும், உஜ்ஜயினி மகாகாளேசுவரர் ஆலயத்திலும், கட்டணம் செலுத்திச் சில நிமிடங்கள் ஆரத்திக் காட்சிகளை மெய்நிகர் கருவியில் காணும் 'துர்லப தரிசன' மையங்கள் அமைந்துள்ளன. 2025-இல் பிரயாக்ராஜில் நடைபெற்ற மகா கும்பமேளாவில், திரிவேணி சங்கமத்தின் காட்சிகளை இவ்வாறு காட்டும் கூடங்களை உத்தரப் பிரதேச அரசு அமைத்தது.

தமிழகத்தின் நிலை வேறு. ஆகம விதிப்படி நடைபெறும் திருக்கோயில்களில் கருவறைக்குள் படம் எடுக்கும் வழக்கம் இல்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்ய உத்தரவிட்டது. ஆலயத்தின் தூய்மையையும் அமைதியையும் காப்பதே அதன் நோக்கம். கோபுரத்தையும் பிராகாரத்தையும் மெய்நிகர் காட்சியில் காட்டலாம். மூலவரைக் காண நேரில்தான் செல்ல வேண்டும்.

இதனால் இக்கருவியை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டுமா? அவ்வாறு சொல்வது நியாயமாகாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகக் கோயில்கள் அடைக்கப்பட்டபோது, தொலைக்காட்சியில் கண்ட அபிஷேகமே பல முதியவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும், கயிலாயத்தையும் கேதாரத்தையும் இனி உடலால் அடைய இயலாதவருக்கும் இந்தக் காட்சி ஒரு வரமே. குறை எங்கே இருக்கிறதென்றால், அது கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே விருந்தளிக்கிறது. கற்பூரத்தின் மணமும், தீர்த்தத்தின் குளிர்ச்சியும், நெற்றியில் இடும் திருநீறும் அதில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கெனத் தனி ஆய்வு மையமே உள்ளது. தொடு உணர்வையும் கருவியின் வழியே தர முடியுமா என்றும் அங்கே ஆராய்கிறார்கள். நாளை அதுவும் கைகூடலாம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கும்.

நீர் வடியக் காத்திருந்தவர்

தென்சென்னைப் புறநகரிலேயே அக்கேள்விக்கு விடை தேடலாம். பல்லாவரத்துக்கு மேற்கே உள்ளது திருநீர்மலை திவ்விய தேசம். திருமங்கையாழ்வார் இத்தலத்தைச் சேவிக்க வந்தபோது, மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததாம். ஆழ்வார் திரும்பிச் செல்லவில்லை. நீர் வடியும் வரை ஆறு மாத காலம் காத்திருந்து பெருமானைச் சேவித்தார் என்பது தலவரலாறு. மலைமேல் கிடந்த கோலத்திலும், இருந்த கோலத்திலும், உலகளந்த கோலத்திலும் காட்சி தரும் எம்பெருமான், அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்ற கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். படியேற இயலாத முதியவர்களுக்காகவே கீழே வந்து நிற்கிறாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

சற்றே தள்ளி குன்றத்தூர். சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர். சோழ நாட்டில் அமைச்சராக இருந்த காலத்தில், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்து இறைவனிடம் அவர் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். தம் சொந்த ஊரிலும் அந்த இறைவனை வழிபட விரும்பி, குன்றத்தூரில் அதேபோன்று ஓர் ஆலயம் எடுப்பித்தார். வட திருநாகேசுவரம் என்று அது இன்றும் வழங்குகிறது. தொலைவில் உள்ள இறைவனை அருகே வரவழைப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆனால், அதற்காக அவர்கள் கல்லையும் பொருளையும் உழைப்பையும் கொடுத்தார்கள்.

அந்தச் சேக்கிழாரே பெரியபுராணத்தில் பூசலார் நாயனாரின் வரலாற்றை அருளினார். திருநின்றவூரைச் சேர்ந்த பூசலார், சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பப் பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிட்டவில்லை. எனவே, மனத்திலேயே பொருள் சேர்த்தார்; தச்சரை வரவழைத்தார்; நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார்; விமானமும் மதிலும் குளமும் கிணறும் ஒவ்வொன்றாக அமைத்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர் கோன் அதே நாளில் குடமுழுக்கு நடத்த இருந்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, "அன்றைய தினம் யாம் பூசலார் கட்டிய ஆலயத்துக்குச் செல்கிறோம், நீ வேறு நாள் குறித்துக்கொள்" என்று உணர்த்தினார்.

கண்ணுக்குப் புலப்படாத ஆலயத்துக்கு இறைவன் முதலிடம் தந்தார் என்றால், மெய்நிகர் ஆலயமும் அப்படித்தானே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். வேறுபாடு உண்டு. பூசலாரின் ஆலயத்தில் ஒவ்வொரு கல்லையும் அவரே சுமந்தார். கருவியின் ஆலயத்தில் எல்லாவற்றையும் வேறொருவர் சமைத்துக் கொடுத்துவிடுகிறார். காண்பவர் கொடுப்பது கட்டணம் மட்டுமே. ஆழ்வார் காலத்தைக் கொடுத்தார்; சேக்கிழார் பொருளைக் கொடுத்தார்; பூசலார் மனத்தையே கொடுத்தார். கருவியின் முன் அமர்பவர் எதைக் கொடுக்கிறார் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. அதில் கண்ட கங்கையை, கழற்றி வைத்த பின்பும் நெஞ்சில் நிறுத்தி ஐந்தெழுத்தை ஓதுபவருக்கு, அக்கருவியும் மானச பூசைக்கு ஒரு படிக்கட்டு. பார்த்துவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவுபவருக்கு அது பொழுதுபோக்கு மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

இக்கருவியைப் பயன்படுத்த விரும்பும் முதியவர்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நல்லது. கண்கள் 'நகர்கிறோம்' என்கின்றன. காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்போ 'அசையவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரலாம். எனவே, கைப்பிடி உள்ள நாற்காலியில் அமர்ந்தே காண வேண்டும். அருகில் ஒருவர் துணையாக இருக்க வேண்டும். முதலில் சில நிமிடங்கள் போதும். வலிப்பு நோய் உள்ளவர்களும், கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் அணியலாகாது.

பண விஷயத்திலும் விழிப்பு தேவை. ஆலயங்களின் பெயரில் போலி இணையதளங்கள் உலவுவதைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துள்ளது. 'இலவச தரிசனம்' என்று தொடங்கும் செயலிகள் சில, மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே சந்தா பிடித்துக்கொள்ள அனுமதி கேட்கும். படித்துப் பார்க்காமல் சம்மதம் தரக்கூடாது. ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லலாகாது. ஏமாற நேர்ந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்க வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

இளைய தலைமுறையினர் நினைவில் கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. பெற்றோரை ஆலயத்துக்கு அழைத்துச் செல்ல முடியாதபோது இக்கருவி துணையாகலாம். அழைத்துச் செல்ல முடிந்தும் செல்லாமல் இருப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

மாடம்பாக்கத்தில் மாலை

செம்பாக்கத்துப் பேரன், பாட்டியாரின் கேள்வியை மறக்கவில்லை. அடுத்து வந்த பிரதோஷத்தன்று அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டான். மடக்கு நாற்காலி ஒன்றையும் கைத்தடியையும் ஆட்டோவில் ஏற்றினான். ஆலய வாசலிலிருந்து சன்னிதி வரை செல்வதற்கு அரை மணி நேரம் பிடித்தது. பத்தடிக்கு ஒருமுறை நாற்காலியை விரித்து அமரவைத்து, இளைப்பாறிய பின் மீண்டும் நடத்திச் சென்றான்.

தேனுபுரீசுவரர் மிகச் சிறிய திருமேனி கொண்டவர். மங்கிய பார்வை உடைய பாட்டியாருக்கு, எண்ணெய் விளக்கின் ஒளியில் அவர் தெளிவாகத் தெரிந்தாரா என்பது ஐயமே. காசியின் கங்கை இதைவிடப் பன்மடங்கு துலக்கமாகத் தெரிந்திருக்கும். தீபாராதனை முடிந்து அர்ச்சகர் தட்டை அருகே கொண்டுவந்தார். பாட்டியார் இரு கைகளையும் நீட்டினார். இம்முறை கைகளில் சூடு பட்டது. கண்களில் ஒற்றிக்கொண்டார், திருநீற்றை வாங்கித் தாம் இட்டுக்கொள்வதற்கு முன், பேரனின் நெற்றியில் இட்டார்.

வீடு திரும்பும் வழியில், "அடுத்த பிரதோஷம் என்னைக்கு வருது?" என்று பேரனே கேட்டான்.